பந்தை விட்டுவிட்டு வலையருகே பாருங்கள்: ஆண்கள் இரட்டையர் டென்னிஸுக்குப் புதியவர்களுக்கு

இலங்கை மலையகத்துக்கு டென்னிஸ் புதிதல்ல. தேயிலைத் துரைமாரின் கிளப்புகளில் பல தலைமுறைகளாகத் தளங்கள் இருந்திருக்கின்றன. அந்த வேலிக்குள் லயத்துப் பிள்ளைகளுக்குத்தான் இடம் இருக்கவில்லை. இன்று தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் பாடசாலை விட்டு வரும் பிள்ளை கைப்பேசியில் விம்பிள்டன் பார்க்கிறது. ஆனால் பார்ப்பது அநேகமாக ஒற்றையர் ஆட்டமாகவே இருக்கிறது. முதன்முதலாக டென்னிஸ் பார்க்க உட்காரும் எவருக்கும் நான் சொல்வது, ஆண்கள் இரட்டையரில் தொடங்குங்கள் என்பதுதான். ஆட்டங்கள் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் இருவர் கலந்து பேசித் திட்டம் போடுவது கண்முன்னே தெரியும். அந்தத் திட்டத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஒற்றையர் ஆட்டமும் தானாகப் புரியும்.

எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தளத்தின் அளவு

தளத்தின் நீளம் 23.77 மீட்டர். அகலம் ஒற்றையருக்கு 8.23 மீட்டர், இரட்டையருக்கு 10.97 மீட்டர். இரு ஓரங்களிலும் நீளமாக ஓடும் 1.37 மீட்டர் பட்டிகள்தான் இந்த வித்தியாசம். இரட்டையரில் அந்தப் பட்டிகளும் ஆடுகளத்தில் சேரும்.

இந்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “சேர், சர்வ் அந்தப் பட்டியில் விழுந்தால் தவறு என்கிறார்கள். அடுத்த அடி அதே இடத்தில் விழுந்தால் புள்ளி கொடுக்கிறார்கள். அது எப்படி?” பதில் எளிது. சர்வ், அதாவது புள்ளியைத் தொடங்கும் அடி, விழவேண்டிய கட்டம் ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் ஒன்றுதான். சர்வ் முடிந்த பிறகே பட்டிகள் உயிர்பெறும்.

வலையையும் கவனியுங்கள். தூண்களின் அருகே அதன் உயரம் 1.07 மீட்டர், நடுவில் 91.4 சென்டிமீட்டர். அதாவது நடுவில்தான் வலை மிகத் தாழ்வு. இரட்டையரில் நெருக்கடியான பந்துகள் ஏன் நடுவாகவே பறக்கின்றன என்பதற்கு இது பாதிக் காரணம். எதிரே நிற்கும் இருவரில் யார் எடுப்பது என்று ஒரு கணம் தடுமாற வைப்பது மீதிக் காரணம்.

2. புள்ளிக் கணக்கு

15, 30, 40, கேம் என்ற வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதியவர்கள் குழம்புவது இரண்டு இடங்களில். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏ.டி.பி. அமைப்பின் சுற்றில், வழக்கமான போட்டிகளில் 2006 முதல் இரட்டையருக்குத் தனி முறை நடைமுறையில் இருக்கிறது. 40–40 ஆனால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு புள்ளி முன்னிலை கிடைக்கும்வரை ஆடும் முறை, கிடையாது. ஒரே ஒரு புள்ளி, அதை வெல்பவருக்குக் கேம். அந்தப் புள்ளியில் சர்வை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்பதை வாங்கும் ஜோடியே தீர்மானிக்கும். கேம்களின் தொகுதியான செட் 1–1 என்று சமமானால் மூன்றாவது செட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக, சமநிலையை உடைக்கும் குறுகிய ஆட்டமான டை-பிரேக் 10 புள்ளிக்கு நடக்கும். இரண்டு புள்ளி முன்னிலையோடு முதலில் 10ஐத் தொடும் ஜோடிக்கு வெற்றி.

கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளிலும் மூன்றாவது செட் உண்டு. அது முழுமையாக ஆடப்படும். அந்தக் கடைசி செட் 6–6 ஆனால் 10 புள்ளி டை-பிரேக். விம்பிள்டன் மட்டும் ஆண்கள் இரட்டையரை ஐந்து செட் ஆட்டமாகவே நெடுங்காலம் வைத்திருந்து, 2023இல் மூன்று செட்டுக்கு மாறியது. பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் தேடிப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

சர்வ் வரிசை: இரு அணிகளும் மாறி மாறிச் சர்வ் செய்யும். ஒரே அணியின் இருவரும் முறைவைத்துக் கொள்வார்கள். ஆகவே ஒருவருடைய முறை நான்கு கேமுக்கு ஒருமுறை வரும். சர்வை வாங்கும் பக்கத்தை ஒரு செட்டின் நடுவில் மாற்ற முடியாது. புதிய செட் தொடங்கும்போது சர்வ் வரிசை, வாங்கும் பக்கம் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். முதல் செட்டை இழந்த ஜோடி அடுத்த செட்டுக்கு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். மாற்றியிருந்தால், எங்கே அடிபட்டோம் என்று அவர்களே நினைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

3. போட்டி அட்டவணையைப் படிப்பது

சிறிய ஏ.டி.பி. போட்டிகளில் 16 ஜோடிகள் இருக்கும். நான்கு வெற்றி பெற்றால் கிண்ணம். கிராண்ட் ஸ்லாமில் 64 ஜோடிகள், ஆறு வெற்றி வேண்டும். இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டித்தான் ஒரு ஜோடியின் இடம் முடிவாகிறது. 12ஆம் இடத்தில் இருப்பவரும் 30ஆம் இடத்தில் இருப்பவரும் சேர்ந்தால் 42. கூட்டுத்தொகை குறைந்தால் ஜோடி பலமானது. முதல் இரு ஜோடிகள் அட்டவணையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் வைக்கப்படுவதால் இறுதிப் போட்டிக்கு முன் சந்திக்க மாட்டார்கள். ஒற்றையர் தரவரிசையைக் கொண்டும் இரட்டையரில் நுழைய வழி இருக்கிறது. பெயர் பெற்ற ஒற்றையர் வீரர்கள் சிலர் திடீரென்று அட்டவணையில் தோன்றுவது அதனால்தான்.

தரவரிசை இல்லாமலும் உள்ளே வரலாம். போட்டி நடத்துபவர்கள் தங்கள் விருப்பத்தில் தரும் இடத்துக்கு வைல்ட் கார்டு என்று பெயர். 2022 அவுஸ்திரேலிய ஓபனில் நிக் கிரியோஸும் தனாசி கொக்கினாக்கிஸும் அப்படித்தான் நுழைந்தார்கள், கிண்ணத்தையும் தூக்கினார்கள். பலமான ஜோடிகளின் பெயரருகே அட்டவணையில் வரிசை எண் இருக்கும்; அந்த எண் இல்லாத ஜோடிகளைத் தள்ளிவிட்டுப் படிக்காதீர்கள்.

4. ஒரு ஜோடியை உங்கள் ஜோடியாக்கிக்கொள்ளுங்கள்

எல்லா ஆட்டங்களையும் பார்க்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது. முதல் சுற்றிலேயே ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தோற்கும்வரை அவர்களோடு போங்கள்.

யாரைத் தேர்வது என்பதற்கு நம் பக்கத்துக் கதைகளே போதும். இந்தியாவின் ரோஹன் போபண்ணா குடகு மலைக் காப்பித் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நம் மலைகளிலும் தேயிலைக்கு முன் காப்பிதான் விளைந்தது என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிடிப்பு. முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்துபோன பிறகும் யோகாசனம் செய்து உடலைத் தேற்றி ஆடியவர். 2010இல் பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியுடன் அமெரிக்க ஓபன் இறுதிக்கு வந்து, அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களிடம் இரு டை-பிரேக்குகளில் தோற்றார். அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் கடந்து, 2024 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் மத்தியூ எப்டனுடன் சேர்ந்து அவுஸ்திரேலிய ஓபனை வென்றார். அப்போது அவருக்கு வயது 43. ஆண்கள் இரட்டையரில் அதுவே அவருடைய முதல் கிராண்ட் ஸ்லாம் கிண்ணம். அதே போட்டியின்போதுதான் தரவரிசையில் முதலிடமும் உறுதியானது. ஒற்றையரில் அந்த வயதில் இப்படி ஒன்றை நினைத்தும் பார்க்க முடியாது. ஓட்டம் குறைந்தாலும் சர்வும் கையும் கணிப்பும் இருந்தால் இரட்டையரில் உச்சிக்கு ஏறலாம்.

தமிழர்கள் வேண்டுமென்றால் அவர்களும் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த ஜீவன் நெடுஞ்செழியன் 2017 சென்னை ஓபனில் போபண்ணாவோடு சேர்ந்து கிண்ணம் வென்றார். கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவின் ஜோடி. சென்னை ஓபனின் பழைய பட்டியலைப் புரட்டினால் இந்தியாவின் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி ஜோடியின் பெயர் வெற்றியாளர்களாக ஐந்து முறை வரும். அவர்கள் இருவரும் 1999இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிகளிலும் ஆடி, பிரெஞ்சு ஓபனையும் விம்பிள்டனையும் வென்றவர்கள்.

5. நேரத்தைக் கணக்கிடுங்கள்

இங்கே நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. விம்பிள்டனில் வெளித் தளங்களின் ஆட்டம் அங்கே காலை 11 மணிக்குத் தொடங்கும்போது இங்கே பிற்பகல் 3.30. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புவதற்குள் ஆட்டம் சூடுபிடித்திருக்கும். பிரெஞ்சு ஓபனின் 11 மணி நமக்குப் பிற்பகல் 2.30. அமெரிக்க ஓபன் இரவு 8.30. அவுஸ்திரேலிய ஓபன் விடியற்காலை 5.30. ஜனவரிப் பனியில் அந்த நேரத்துக்கு எழுவது கஷ்டம்தான், ஆனால் வேலைக்குப் போகுமுன் ஒரு செட்டாவது பார்த்துவிடலாம்.

இரட்டையர் ஆட்டங்களை முக்கிய அரங்குகளில் தேடாதீர்கள். தொடக்கச் சுற்றுகள் பெரும்பாலும் வெளித் தளங்களில் நடக்கும், தொலைக்காட்சியும் அவற்றை அடிக்கடி காட்டாது. மறுநாளுக்கான ஆட்ட வரிசை முதல்நாள் வெளியாகும். போட்டியின் உத்தியோகபூர்வச் செயலியில் உங்கள் ஜோடி எந்தத் தளம், எத்தனையாவது ஆட்டம் என்று பார்த்துக் குறித்துவையுங்கள். மழை வந்தால் முதலில் தள்ளிப்போவது இரட்டையர்தான். மூடுபனி நாளில் சிக்னல் படுத்துவிட்டால் நேரடிப் புள்ளிப்பலகையைத் திறந்து வையுங்கள், அதற்குக் கொஞ்சம் டேட்டா போதும்.

6. பந்தைத் துரத்தாமல் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிப்பதாக இருந்தால் இதை வாசியுங்கள்.

நம் கண் இயல்பாகவே பந்தோடு போகும். இரட்டையரில் பந்து போகும் இடத்தில் கதையின் முடிவு மட்டும்தான் இருக்கும். கதை நடப்பது சர்வ் செய்பவரின் ஜோடிக்காரர் நிற்கும் இடத்தில், வலைக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னால். அவரைப் பாருங்கள். சர்வ் செய்பவர் கோட்டுக்குப் பின்னால் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது இவர் முழங்காலை மடித்துக் குனிந்து, மட்டை இல்லாத கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார். எதிரணிக்குத் தெரியாமல் விரல்கள் பேசும். சர்வ் எங்கே விழவேண்டும், தான் நிற்கப்போகிறாரா, குறுக்கே பாயப்போகிறாரா என்பதெல்லாம் அந்த விரல்களில் இருக்கும். கையை விரித்தால் பாய்ச்சல், மூடினால் நிற்பது என்பது பரவலான வழக்கம், ஆனால் ஜோடிக்கு ஜோடி மாறும். இரண்டு கேம் பொறுமையாகப் பார்த்தால் உங்கள் ஜோடியின் சைகைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சில ஜோடிகள் சைகையை விட்டுவிட்டு, பந்தை வாய்க்கு முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டு பேசும். கேமரா உதட்டசைவைக் காட்டிவிடக்கூடாதே என்பதற்காக.

பிறகு சர்வ் பறக்கிறது. வலையருகே நிற்பவரின் கால்களைப் பாருங்கள். எதிராளி அடிக்கத் தொடங்கும் அந்த நொடியில் அவர் குறுக்கே பாய்ந்து பந்தை வழிமறித்தால் அதற்குப் ‘போச்’ என்று பெயர். கொஞ்சம் முந்திப் பாய்ந்தால் எதிராளி அதைக் கண்டு, காலியான ஓரத்தில் பந்தை விடுவார். பிந்திப் பாய்ந்தால் மட்டை பந்தை எட்டாது. இந்த இரண்டுக்கும் இடையில் கண் இமைக்கும் நேரம்தான் இருக்கிறது.

சிலசமயம் அவர் நடுக்கோட்டின்மேல் ஏறக்குறைய உட்கார்ந்துவிடுவார், சர்வ் செய்பவரும் நடுவுக்கு அருகில் வந்து நிற்பார். தலைக்கு மேலே பந்து சீறிப்போகும்வரை அவர் தலையைத் தூக்கவே கூடாது. எழுந்து இடது பக்கம் போவாரா, வலது பக்கம் போவாரா என்று வாங்குபவருக்குத் தெரியாது. இருவரும் ஒரே கோட்டில் வருவதால் இதை ‘ஐ’ அமைப்பு என்பார்கள்.

ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் முதல் சர்வ் விழுந்ததா, வலையருகே இருப்பவர் பந்தைத் தொட்டாரா என்று இரண்டு கட்டங்களில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். முதல் சர்வ் உள்ளே விழும்போது அவர் எவ்வளவு துணிச்சலாக நகர்கிறார், இரண்டாவது சர்வுக்கு எப்படி அடங்கி நிற்கிறார் என்பது ஒரு செட்டுக்குள் பளிச்சென்று தெரியும். விமர்சகர்கள் முதல் சர்வ் விகிதத்தை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பதும் விளங்கும்.

வாங்கும் பக்கம் என்ன செய்கிறது? வலையருகே நிற்பவரைத் தவிர்க்க வேண்டும். அதனால் பந்தைத் தாழ்வாக, குறுக்காக, சர்வ் செய்துவிட்டு முன்னேறி வருபவரின் காலடியில் போட முயல்வார்கள். அது பலிக்காவிட்டால் தலைக்கு மேலே தூக்கி ‘லாப்’. எப்போதாவது நேராக ஓரப்பட்டியில் ஓர் அடி. அந்த ஓர் அடி புள்ளியைத் தராவிட்டாலும் பயனுண்டு, அடுத்த முறை குறுக்கே பாய நினைப்பவரின் கால் ஒரு கணம் தயங்கும். இரு வீரர்களும் வலையைக் கைவிட்டுப் பின்கோட்டுக்கே போய்விட்டால், எதிரணியின் சர்வ் அவர்களை அச்சுறுத்துகிறது என்று பொருள்.

40–40இன் ஒற்றைப் புள்ளி வரும்போது எழுந்து தேநீர் எடுக்கப் போய்விடாதீர்கள். வாங்கும் ஜோடி யாரை முன்னே அனுப்புகிறது என்பதில் அந்த ஆட்டத்தின் முழுக் கணிப்பும் இருக்கிறது.

7. ஒரு முழு ஆட்டத்தை மறுபடி பாருங்கள்

நான் பரிந்துரைப்பது 2024 விம்பிள்டன் இறுதிப் போட்டி. பின்லாந்தின் ஹாரி ஹெலியோவாராவும் பிரித்தானியாவின் ஹென்றி பாட்டனும் எண் தரப்படாத ஜோடியாக வந்தவர்கள். ஹெலியோவாரா ஒருகாலத்தில் டென்னிஸை விட்டுவிட்டு ஹெல்சிங்கி விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். பாட்டன் மாணவராக இருந்தபோது இதே விம்பிள்டனில் ஆட்டப் புள்ளிவிவரங்களைப் பதிவு செய்யும் வேலையில் இருந்தவர். எதிரே அவுஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்சலும் ஜோர்டான் தாம்சனும். மூன்று செட்டும் டை-பிரேக் வரை போயின. அவுஸ்திரேலியர்கள் கிண்ணத்துக்கான புள்ளியை மூன்று முறை கையில் வைத்திருந்தும் நழுவவிட்டார்கள். கடைசி டை-பிரேக் 11–9. முதல் செட்டில் வலையருகே நிற்பவர்களை மட்டும் பாருங்கள், இரண்டாவதில் சர்வை வாங்குபவர்களை, மூன்றாவதில் எதையும் யோசிக்காமல் ஆட்டத்தை அனுபவியுங்கள்.

8. நேரில் பார்ப்பது

திரையில் தெரியாதது வேகம். அதற்கு ஒருமுறையாவது தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு நுவரெலியா போகிறவர்கள் குதிரைப் பந்தயத்தையும் மலர்க் கண்காட்சியையும் பார்த்துவிட்டு கிரகரி வாவியோரம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பருவத்தில் டென்னிஸும் நடப்பது வழக்கம், நகரத்தில் விசாரித்துப் பாருங்கள். அது தொழில்முறைச் சுற்றல்ல, ஆனால் நான்கு பேர் ஒரு தளத்தில் எப்படி நகர்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று கற்க ஏற்ற இடம். காலையிலேயே போய்விடுங்கள், ஏப்ரலில் பிற்பகல் மழை சகஜம்.

நுவரெலியாவில் ஒரு விசேஷமும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, பந்துக்கு எதிர்ப்புக் குறைவு. கொழும்பில் கோட்டுக்குள் விழும் லாப் இங்கே வெளியே போய்விடும், சர்வ் இன்னும் விரைவாக வரும். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 1,219 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கென்று தனிவகைப் பந்தையே அங்கீகரித்திருக்கிறது. தொழில்முறைச் சுற்றில் மட்ரிட் போட்டி ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் நடக்கிறது. அதற்கே பந்து பறக்கிறது என்று வீரர்கள் சொல்வார்கள். ஆகவே மட்ரிட் ஆட்டங்களைப் பார்க்கும்போது நம் ஊர்த் தளத்தை நினைத்துக்கொள்ளலாம்.

தொழில்முறை ஆட்டமே வேண்டும் என்றால் கொழும்பு 7இல் இலங்கை டென்னிஸ் சங்கத்தின் தளங்கள் இருக்கின்றன. சர்வதேசச் சம்மேளனத்தின் கீழ்நிலைத் தொழில்முறைப் போட்டிகள் கொழும்பில் நடந்திருக்கின்றன. சங்கத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். இந்தியாவுக்குப் போகும் வாய்ப்பிருந்தால் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் பெப்ரவரி மாதச் சேலஞ்சர் போட்டிகள் நடந்து வந்திருக்கின்றன. சேலஞ்சர் என்பது ஏ.டி.பி. சுற்றுக்கு ஒரு படி கீழே. தரவரிசையில் ஏறத் துடிக்கும் ஜோடிகளை மிக அருகில் பார்க்கலாம்.

இருக்கையைத் தேர்வதாக இருந்தால் பக்கவாட்டில் உட்காராதீர்கள், தளத்தின் குறுகிய முனைக்குப் பின்னால் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் காட்டும் சைகை, பாய்ச்சல், நடுவே திறக்கும் இடைவெளி எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். வீரர்கள் பக்கம் மாறும் நேரத்தில் மட்டும் எழுந்து நடமாடுங்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது குரல் எழுப்ப வேண்டாம். எதிராளி இரண்டு சர்வையும் தவறவிட்டால் கைதட்டாதீர்கள்.

9. நால்வர் சேர்ந்தால்

கொஞ்ச நாள் பார்த்த பிறகு கை துருதுருக்கும். பாடசாலை வலைப்பந்துத் தளத்தில் ஒரு கயிற்றைக் கட்டினாலும் தொடங்கலாம். முதல் நாளிலேயே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நடுவாக வரும் ஒவ்வொரு பந்துக்கும் இருவரில் ஒருவர் “எனக்கு” என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். யார் சொல்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால் இடப்பக்கம் நிற்பவரின் முன்கை அடி நடுவில் வரும் என்பதால், நடுப் பந்தை அவரிடம் விடுவதே வழக்கம்.